இரண்டாம் வரிசையில் ஒரு பாய்

“பிலாட்டீஸ் பிலாட்டீஸ்ங்கறாளே, அது என்னம்மா? நம்ம ஊர்ல இருக்கா? என்னை மாதிரி ஆளையெல்லாம் சேத்துக்குவாங்களா?”

அத்தாச்சி மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இடுப்பு வலிக்குப் பார்த்த டாக்டர், பயப்பட ஒன்றும் இல்லை, உடம்பை அசைக்கிற வகுப்பு ஏதாவதில் சேருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சென்னையில் இருக்கும் மருமகள் பிலாட்டீஸ் வகுப்புக்குப் போகிறாள். அவள் போனில் சொன்ன அந்தப் பேர் மட்டும் திருமயம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இதே கேள்விகளோடு இந்தப் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். அதனால் இன்னொரு டம்ளர் டீயை ஊற்றிக்கொண்டு நிதானமாகவே சொல்கிறேன்.

நடுக் கேள்விக்கு முதலில் பதில். ஸ்பிரிங் வைத்த கட்டிலும் சுவர் நிறையக் கண்ணாடியுமாக இருக்கும் பிலாட்டீஸ் கூடங்கள் சென்னை, கோவை மாதிரியான நகரங்களில்தான் இருக்கின்றன. நம் திருமயம் கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் அப்படியொரு பலகையை நான் பார்த்ததில்லை. ஆனால் பிலாட்டீஸ் உடம்புக்குச் செய்கிற வேலையில் நல்ல பங்கைச் செய்யக்கூடிய வகுப்புகள் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரைக்கும் எப்போதோ வந்துவிட்டன. மனவளக்கலை மன்றங்களில் சொல்லித்தரும் எளியமுறை உடற்பயிற்சி ஒன்று. யோகாசன வகுப்பு இன்னொன்று. எதில் சேர்ந்தாலும் சரி, புதிதாகப் போகிறவர் முதல் மாதம் கற்றுக்கொள்ள வேண்டியது தன் உடம்பு எந்த இடத்தில் போதும் என்கிறது என்பதைத்தான். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ், 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். ஆஸ்துமா, எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ், வாதக் காய்ச்சல் என்று பிள்ளைப் பிராயத்தில் நோஞ்சானாகவே இருந்தார். உடம்பைத் தேற்றியே தீர்வது என்ற வைராக்கியத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று ஒவ்வொன்றாகக் கற்றார். முதல் உலகப் போர் மூண்டபோது அவர் இருந்தது இங்கிலாந்தில். ஜெர்மன்காரர் என்பதால் எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். முதலில் லங்காஸ்டர், பிறகு மேன் தீவில் இருந்த நாக்கலோ முகாம். இருபதாயிரம் பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்த இடம் அது. சுற்றிலும் முள்வேலி, ஆளுக்கு ஒரு பாய் அளவு இடம், கையில் ஒரு கருவியும் கிடையாது. அங்கேதான் அவர் தன் பயிற்சிகளை ஒழுங்கு செய்து, கூட இருந்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்காகக் கட்டில் ஸ்பிரிங்குகளைக் கழற்றி மாட்டி, படுத்த வாக்கிலேயே கை கால்களை இழுத்துப் பழகும்படி செய்தார் என்று சொல்வார்கள். இன்றைக்கு நகரத்துக் கூடங்களில் இருக்கும் ஸ்பிரிங் கட்டிலுக்கு அதுதான் மூலம் என்பதும் அந்தக் கதையின் பகுதி.

1926 வாக்கில் நியூயார்க் போய், மனைவி கிளாராவோடு எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நடன இயக்குநர்களான ஜார்ஜ் பாலன்சினும் மார்த்தா கிரகாமும் தங்கள் ஆட்களை அனுப்பிவைத்தார்கள். 1945-இல் வந்த அவருடைய புத்தகத்தில் பாயில் செய்கிற பயிற்சிகள் 34 இருக்கின்றன. 1967-இல் இறந்தார்.

இத்தனை கதை எதற்கென்றால், இந்தப் பயிற்சி முதலில் கூட்டமாக, பாயில், வெறுங்கையால் செய்யப்பட்டது. ஸ்பிரிங் கட்டில் இல்லை என்பதால் நம்மூரில் ஏதோ குறைந்த சரக்கு கிடைக்கிறது என்று நினைக்க வேண்டியதில்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, பிலாட்டீஸ் என்ற பேர் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, யோகா, கராத்தே போல அது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே யார் வேண்டுமானாலும் அந்தப் பலகையை மாட்டலாம். புதுக்கோட்டையிலோ காரைக்குடியிலோ நாளைக்கு ஒரு கூடம் திறந்தால், பலகையைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். சொல்லித்தருகிறவர் எங்கே, எவ்வளவு காலம் கற்றார் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

சரி, இந்தப் பயிற்சி உடம்புக்குள் எதைத் தொடுகிறது?

வயிற்றுத் தசை என்றதும் நமக்கு நினைவு வருவது வெளியே தெரிகிற தசை. அதற்கும் உள்ளே, முதுகுப் பக்கம் இரு புறமும் புறப்பட்டு வயிற்றைக் குறுக்காகச் சுற்றி வருகிற ஒரு தசை அடுக்கு இருக்கிறது. அதற்கு மேலே மூச்சை இழுக்கும் உதரவிதானம். கீழே சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசை. பின்னால் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் சிறு தசைகள். மூட்டை தூக்குகிறவர் குனிவதற்கு முன்னால் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வாரே, அந்தத் துண்டை உடம்பே உள்ளே கட்டி வைத்த மாதிரி இந்த நான்கும் சேர்ந்து வேலை செய்கின்றன. நீண்ட நாள் இடுப்பு வலி இருப்பவர்கள் சிலருக்கு இந்தத் தசைகள் வேலைக்கு வரவே தாமதமாகும். கை தூக்குவதற்கும் குனிவதற்கும் முன்னால் இவை இறுகியிருக்க வேண்டும். இறுகாவிட்டால் அந்த வேலையின் பாரம் வேறு இடத்தில் போய் விழும்.

இதை வாயால் சொன்னால் புரியாது என்று அத்தாச்சியைக் கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்துப் படுக்கச் சொன்னேன். நீங்களும் செய்து பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். இடுப்பின் முன்பக்கம் இரண்டு புறமும் எலும்பு முட்டிக்கொண்டு தெரியும். அங்கிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, கொஞ்சம் கீழே, விரல் நுனிகளை வைத்து அழுத்துங்கள். லேசாக இருமுங்கள். விரலுக்கு அடியில் ஒன்று இறுகி, வெடுக்கென்று மேலே தள்ளும். இப்போது இருமாமல், மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே, தொப்புளுக்குக் கீழே உள்ள அடிவயிற்றை முதுகுப் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே இழுங்கள். அதே இடம் மெதுவாக இறுகும், ஆனால் மேலே தள்ளாது. அந்த இறுக்கத்தை விடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ண முடிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். எண்ண முடியாமல் முகம் சிவந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அத்தாச்சி முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுத்தார். புதிதாகச் செய்கிற எல்லாரும் அப்படித்தான். “பலமா இழுக்க வேணாம், பாதி போதும்” என்றதும் விரலுக்கு அடியில் வந்தது. “அட, ஆமா!” என்று சிரித்தார். முழுப் பலத்தில் கால்வாசி போட்டாலே இந்தத் தசை வேலை செய்யும். அதிகம் போட்டால் வெளித் தசைகள் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும்.

இனி பிலாட்டீஸ் வகுப்பில் முதலில் வருகிற ‘நூறு’ என்ற பயிற்சியைப் பாருங்கள். மல்லாந்து படுத்து, தலையும் தோளும் தரையை விட்டு எழும்ப, இரண்டு கால்களையும் நீட்டி உயர்த்தி, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மேலும் கீழுமாகத் தட்ட வேண்டும். ஐந்து தட்டுக்கு மூச்சு உள்ளே, ஐந்து தட்டுக்கு வெளியே. இப்படிப் பத்து முறை செய்தால் நூறு. பயிற்சி உள்ளவர் செய்வதைப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். புதிதாகப் போனவர் அதை அப்படியே செய்தால் முப்பதாவது தட்டில் கழுத்து பிடித்துக்கொள்ளும், இடுப்பு தரையிலிருந்து வில்லாக எழும்பும். அப்படி எழும்பினால் உள்ளே இருக்கும் தசை கைவிட்டுவிட்டது, பாரத்தை முதுகெலும்பு வாங்கிக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். நல்ல ஆசிரியர் முதல் நாளில் தலையைத் தரையிலேயே வைக்கச் சொல்வார். முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றச் சொல்வார். கை மட்டும் தட்டும், மூச்சு மட்டும் எண்ணுக்குப் போகும். இருபது போதும் என்பார். பார்க்க ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். எழுந்த பிறகு அடிவயிறு சொல்லும்.

யோகாசனத்தைப் பற்றி ஓரளவு எல்லாருக்கும் தெரியும். எளியமுறை உடற்பயிற்சி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனவளக்கலையை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி 1911-இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984-இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் வந்தது. ஆசனம் போட முடியாத, வளையாத உடம்புக்காரர்களும் செய்யும்படி அவர் தொகுத்த பயிற்சிகள் இவை. கை, கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்தல் என்று ஒன்பது. மொத்தத்தையும் ஒரே நாளில் தலையில் கட்ட மாட்டார்கள். சில நாள்களாகப் பிரித்துப் பிரித்துச் சொல்லித்தருவார்கள். சொல்லித்தருகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். டீச்சராகவோ கடைக்காரராகவோ ஓய்வுபெற்ற அரசு ஊழியராகவோ இருப்பார்கள். ‘வாழ்க வளமுடன்’ என்று வணக்கம் சொல்லித் தொடங்குவார்கள். தவத்துக்கும் தீட்சைக்கும் வரச் சொல்வார்கள். விருப்பம் இருந்தால் போகலாம். உடற்பயிற்சி மட்டும் போதும் என்றாலும் தாராளமாகச் சொல்லலாம்.

இதில் மகராசனம்தான் பிலாட்டீஸுக்குப் பக்கத்தில் வருவது. மல்லாந்து படுத்தும் குப்புறப் படுத்தும் கால்களையும் இடுப்பையும் முதுகையும் திருப்பிச் செய்கிற பகுதி. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எளியமுறை உடற்பயிற்சி மூட்டுகளை இளக்கும், மூச்சைச் சீர் செய்யும், மனசு அடங்கும். தசைக்கு வலு ஏற்றுகிற வேலை அதில் குறைவு என்பது என் கருத்து. ஐம்பது தாண்டியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, வலு மிகவும் தேவை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாரத்தில் 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலு தருகிற பயிற்சி என்கிறது. ஆகவே மன்றத்து வகுப்புக்குப் போகிறவர்கள் வீட்டில் இரண்டு காரியம் சேர்த்துக்கொள்ளலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவது ஒன்று. சுவரில் உள்ளங்கையை ஊன்றிச் செய்கிற தண்டால் மற்றொன்று. தண்டாலும் பஸ்கியும் நம் தாத்தாக்கள் சிலம்பக் களத்தில் போட்டவைதான், பெண்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எது உசத்தி என்ற கேள்வி எப்படியும் வரும். இடுப்பு வலிக்குப் பிலாட்டீஸ் எவ்வளவு உதவுகிறது என்று காக்ரேன் அமைப்பு 2015-இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பத்து ஆய்வுகள், மொத்தம் 510 பேர். சும்மா இருப்பதையும் மிகக் குறைந்த சிகிச்சையையும் விடப் பிலாட்டீஸ் வலியைக் குறைக்கிறது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. 2016-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலில் குழு உடற்பயிற்சி வகுப்பைப் பரிசீலிக்கச் சொன்னது. அதிலும் இந்தப் பயிற்சிதான் என்று ஒன்றைக் கட்டாயமாக்கவில்லை. திருமயத்தில் இருப்பவருக்கு இது நல்ல சேதி. புதுக்கோட்டைக்கு இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வந்து ஒரு மாதத்தில் சலித்துப்போகிற வகுப்பைவிட, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற, விடாமல் போக முடிகிற வகுப்பே மேல்.

“வீட்ல போன்ல பாத்துச் செஞ்சா ஆகாதா?” என்றார் அத்தாச்சி. செய்யலாம். ஆனால் போனுக்கு உங்கள் முதுகு தெரியாது. இடுப்பு எழும்புவதையும் தோள் காதுக்கு ஏறுவதையும் செய்கிறவருக்கே உணரத் தெரியாது. அதைப் பார்த்து “இறக்குங்க” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். வகுப்புக்குக் கொடுக்கிற காசு அந்தக் கண்ணுக்குத்தான். அடுத்தது கூட்டு. மழை பெய்கிற காலையில், “என்னக்கா, நேத்து வரலை?” என்று கேட்க நாலு பேர் இருந்தால் கால் தானாகக் கிளம்பும்.

அந்தக் கண் எப்படிப்பட்டது என்று முதல் நாளே தெரிந்துவிடும். சேரும்போது உங்கள் உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத ஆசிரியரிடம் எனக்கு நம்பிக்கை வராது. நல்லவர் எண்ணிக்கை சொல்லிக்கொண்டே வரிசைகளுக்கு நடுவில் நடப்பார். தொட்டுத் திருத்துவதற்கு முன்னால் “தொடலாமா?” என்று கேட்பார். ஒருவரால் முடியாவிட்டால் அதே பயிற்சியின் சின்ன வடிவத்தைச் சொல்வார். வலித்தாலும் பரவாயில்லை, செய் என்று அதட்டுகிறவரிடம் மறுநாள் போகாதீர்கள். கூட்டம் பெரிதானால் எந்த ஆசிரியருக்கும் எல்லார் மேலும் கண் இருக்காது. யோகாசன ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியா 1952-இல் சென்னைக்கு வந்த பிறகு பெரும்பாலும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தான் பாடம் சொன்னார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்திலும் அந்த முறைக்குத்தான் முதலிடம். நமக்கு அது கிடைக்காவிட்டாலும், வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய் ஆசிரியரைத் தனியாகப் பிடிக்கலாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். பிரஷர், இதய நோய் இருந்தால் கபாலபதி மாதிரி வேகமாக மூச்சைத் தள்ளுகிற பயிற்சிகளைச் செய்யக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அது ஆகாது. குடலிறக்கம், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களும் சமீபத்தில் சிசேரியன் ஆனவர்களும் வயிற்றில் அழுத்தம் ஏற்றுகிற பயிற்சிக்கு முன்னால் டாக்டரிடம் கேட்டாக வேண்டும். கர்ப்பப்பை இறக்கத்தைப் பெண்கள் யாரிடமும் சொல்வதே இல்லை. ஆண் ஆசிரியரிடம் விவரமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால், “அடிவயித்துக்கு அழுத்தம் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க” என்றால் போதும். கண் அழுத்த நோய் இருந்தால் தலை கீழாகப் போகிற நிலைகள் வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், படுத்த நிலையிலிருந்து முதுகைச் சுருட்டி எழுந்து கால் விரலைத் தொடுகிற பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். அந்த வளைவில் முள்ளெலும்பு நொறுங்கக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த எலும்புக் குறைவு சத்தமே இல்லாமல் இருக்கும் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதிகாலையில் வெறும் வயிற்றில் போவது பற்றி டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளட்டும். வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் பயிற்சியை விட்டுவிட்டு உடனே வாயில் போட வேண்டும்.

உடுப்பு விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் நம் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் வகுப்புக்குப் போகாததற்கு அதுதான் காரணம். சேலையில் காலைத் தூக்க முடியாது. பருத்திச் சுடிதார் போதும். டாப்ஸ் தொடை வரைக்கும் இருக்கட்டும், துப்பட்டாவைப் பையில் வைத்துவிடுங்கள். பாயை மட்டும் வழுக்காததாகப் பாருங்கள். சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் கோரைப்பாயும் ஜமுக்காளமும் நகரும். கடையில் விற்கிற ரப்பர் மாதிரியான யோகா மேட் வாங்குவதுதான் இதில் உருப்படியான செலவு. முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிற ஒல்லியானவர்கள் கொஞ்சம் தடிமனானதாக வாங்கலாம்.

அந்தப் பாயை எங்கே விரிப்பது? புதிதாகப் போகிறவர்கள் கூச்சத்தில் கடைசி வரிசை மூலைக்குப் போய்விடுவார்கள். அது சரியான இடம் இல்லை. ஒருக்களித்துத் திரும்பும்போதும் குப்புறப் படுக்கும்போதும் பார்த்துச் செய்ய ஆள் இருக்காது, ஆசிரியர் கண்ணிலும் பட மாட்டீர்கள். இரண்டாம் வரிசையில் நடுவில் விரியுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பழகின ஒருவர் தெரிவார். எல்லாரும் நம்மையே பார்ப்பார்களோ என்ற பயம் வேண்டாம். அங்கே அவரவர் பாடு அவரவருக்கு.

“எல்லாம் சரிம்மா, இந்த வயசுல தரையில உக்காந்து எந்திரிக்கிறதே பெரும்பாடா இருக்கே?” என்று அத்தாச்சி கடைசியாக உள்ளதைச் சொன்னார். சேரத் தயங்குகிற பலருக்கும் உள்ளே இருக்கிற பயம் இதுதான். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் இருக்கையில் ஒரு கையை ஊன்றுங்கள். வலி குறைவான பக்கத்து முழங்காலை முதலில் தரையில் வையுங்கள், பிறகு மற்றது. இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, ஒரு பக்க இடுப்பில் சாய்ந்து உட்கார்ந்து, ஒருக்களித்துப் படுத்து, அதன் பிறகு மல்லாந்து திரும்புங்கள். எழும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயல வேண்டாம். ஒருக்களித்து, கையால் தரையைத் தள்ளி எழுந்து, முழங்காலுக்கு வந்து, ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி, நாற்காலியைப் பிடித்து எழுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மூச்சு நின்று போனால் தலை சுற்றாது. வீட்டில் ஒரு வாரம் இதை மட்டும் பழகிவிட்டு வகுப்பில் சேர்ந்தாலும் நல்லதுதான். அதுவே முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாமா என்று ஆசிரியரைக் கேட்கட்டும்.

வகுப்புக்கே வர முடியாத நிலையில் வீட்டில் யாராவது இருக்கலாம். பக்கவாதம் வந்தவராகவோ படுக்கையில் இருப்பவராகவோ இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருவது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதியச் சொல்லுங்கள்.

முதல் வாரம் உடம்பு வலிக்கும். எந்த வலிக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்தால் பாதியில் விட்டுவிட மாட்டோம். செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வயிறு, தொடை, தோள்பட்டைச் சதைகளில் தொட்டால் வலிப்பது, மாடிப்படி இறங்கும்போது இழுப்பது, மூன்றாம் நாளில் தணிவது, இதெல்லாம் சதை வேலை செய்த வலி. வெந்நீரும் நடையும் போதும். செய்யும்போதே சுருக்கென்று குத்துவது, இடுப்பிலிருந்து காலுக்குக் கீழே மின்சாரம் மாதிரி இறங்குவது, கால் மரத்துப்போவது, நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். நெஞ்சு இறுக்கம் ஓய்வு எடுத்தும் அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்பு நசுங்குகிற அறிகுறி அது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. சதை நடுங்க ஆரம்பிக்கும், மூச்சின் தாளம் தப்பும், இடுப்போ தோளோ இடம் மாறும். அந்த இடம்தான் உங்கள் எல்லை. ஆசிரியர் பத்து எண்ணினால் உங்களுக்கு அது ஆறிலேயே வந்துவிடலாம். ஆறில் நிறுத்திவிட்டு மூச்சை விட்டுக்கொண்டு படுத்திருங்கள். ஏழாவதைப் பல்லைக் கடித்துச் செய்தால், தப்பாகச் செய்வதற்கே உடம்பைப் பழக்குகிறீர்கள். ஒழுங்காக ஆறு செய்தவருக்கு அடுத்த மாதம் எட்டு தானாக வரும்.

இடுப்புக்கான வகுப்பு வாரம் இரண்டு மூன்று நாள் இருந்தால் போதும், மற்ற நாளில் நடக்க வேண்டும். திருமயத்தில் அதற்கென்று ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை திறந்திருக்கும் நேரமாகப் பார்த்து, வெயில் தணிந்த பிறகு படி ஏறுங்கள். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் அளவு சரி. பேச்சு துண்டு துண்டாக வந்தால் நின்று ஏறுங்கள். இறங்கும்போது இன்னும் நிதானம் வேண்டும். முழங்காலுக்குப் பாரம் இறங்கும்போதுதான் அதிகம். சித்திரை, வைகாசியில் பாறை அனலாகக் கொதிக்கும், அந்த மாதங்களில் தெருவில் அதிகாலை நடையே போதும்.

சாப்பாடு முடிந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் பயிற்சி. காலை வகுப்புக்குப் போகிறவர்கள் அரை மணி நேரம் முன்னால் அரை டம்ளர் டீ குடித்துவிட்டுப் போவதில் தப்பில்லை. அத்தாச்சிக்கு இந்தப் பதிலில்தான் முகம் மலர்ந்தது.

கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா, பேரன் பேத்தி வருகை என்று இடையில் நாள்கள் விடுபடும். ஒரு வாரம் விட்டவர் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், முதல் இரண்டு வகுப்பில் பாதி எண்ணிக்கை மட்டும் செய்யட்டும். ஒரு மாதம் விட்டவர் அடிவயிற்றில் விரல் வைத்து மூச்சுவிடுகிற அந்த முதல் பாடத்திலிருந்தே மறுபடி தொடங்கட்டும். வகுப்புக்கு நேரத்தோடு போய், இத்தனை நாள் வரவில்லை, இன்றைக்குப் பாதிதான் செய்வேன் என்று ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், அவர் எண்ணிக்கையை நீட்டும்போது உங்களை விட்டுவிடுவார்.